எஞ்சின் திணறிய காலை

மட்டாஞ்சேரியில் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது என் வொர்க்‌ஷாப். பெண் மெக்கானிக் என்று வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்ததும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு டாக்சிக்கார சேட்டன் வாடிய முகத்தோடு வந்தார். "மோளே, வண்டி இழுக்கவே இல்ல. பெட்ரோல மட்டும் சாயா மாதிரி குடிக்குது. பெரிய வொர்க்‌ஷாப்ல எஞ்சினத் திறக்கணும்ங்கறாங்க. நாளைக்கு அங்கயே விட்டுடட்டா?" திறந்தால் வாரக்கணக்கில் வண்டி ஓடாது. அவர் வீட்டில் அடுப்பெரிவதே அந்த வண்டியால்தான்.

"ஒரு காலை நேரம் மட்டும் குடுங்க சேட்டா" என்றேன்.

வால்வுகள் திறக்கும் நேரத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் எஞ்சின் அது. அதனால்தான் பெட்ரோல் மிச்சமாகிறது. அப்படி மாற்றுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். ஆயிலை அங்கே அனுப்ப ஒரு சின்ன கன்ட்ரோல் வால்வு இருக்கிறது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியிலிருந்து அதற்கு நேராகக் கரண்ட் கொடுத்தேன். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது வால்வு நேரம் மாறினால், நல்ல எஞ்சின் திணற வேண்டும். இது அதுபாட்டுக்கு ஓடியது.

கழற்றிப் பார்த்தால், வால்வின் சின்ன வலை முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்ததும் காரணம் தெரிந்தது. கெட்டி ஆயில். போன சர்வீஸில் ஊற்றியவள் நான்தான். "கெட்டியா ஊத்து மோளே, எஞ்சினுக்கு பலம்" என்றார் சேட்டன் அன்று, பழைய டீசல் வண்டி ஓட்டிய பழக்கத்தில். இந்த எஞ்சினுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டேன்.

வலையைக் கழுவி, இந்த வண்டிக்கு உரிய மெல்லிய ஆயிலை ஊற்றி, மறுபடி கரண்ட் கொடுத்தேன். எஞ்சின் குலுங்கி, திணறி, அணைந்தே போனது.

"ஐயோ, செத்துப்போச்சா?" சேட்டன் தலையில் கை வைத்தார். நான் சின்னப்பிள்ளை போலக் கைதட்டினேன்.

"இல்ல சேட்டா, வால்வு இப்பத்தான் வேல செய்யுது. எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க!"

தோப்பும்படிப் பாலம்வரை போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பினார். "பழைய இழுப்பு வந்துடுச்சு மோளே!" அப்போதே சொல்லிவிட்டேன். "கெட்டி ஆயில் ஊத்துனதாலதான் இப்படி ஆச்சு. தப்பு என்னோடது." அவர் என்னையே பார்த்தார். வண்டியை எடுத்துப் போய்விட்டார். போச்சு, டாக்சி ஸ்டாண்டில் என் பேர் கெட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் அதே ஸ்டாண்டிலிருந்து இன்னொரு டாக்சி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"தான் செஞ்ச தப்ப தானே சொல்ற மெக்கானிக் இங்கதானா?"

"நான்தான்" என்றேன். அவ்வளவு சத்தமாக அதற்கு முன் சொன்னதில்லை.