தில்தேவுக்குக் குப்பை வண்டிப் போர்வை

தூபொரோன் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் ஒரு அதட்டலில் ஆம்பிளைகளை வழிக்குக் கொண்டுவருகிறவள் ரக்னில். பெற்றோரோடு இருக்க முடியாமல் நகராட்சி கொஞ்ச காலம் வளர்க்க ஒப்படைக்கிற பிள்ளைகளிடம் மட்டும் அந்த ஜம்பம் எல்லாம் செல்லாது.

இதுவரை ஐந்து பிள்ளைகள் அவளிடம் வளர்ந்து போயிருக்கிறார்கள். போகிற நாள் குறித்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள். "உனக்கு என்ன வண்டி வேணும்?" டிராக்டர், கிரேன், பஸ் என்று பிள்ளை எதைச் சொன்னாலும் சரி, காலிக் கட்டமும் நிறைத்த கட்டமுமாகக் குரோஷா கொக்கி ஊசியால் அந்த வண்டியைப் பின்னிப் போர்வையாக்கிவிடுவாள். கிளம்பும் அன்று அதைப் போர்த்தி, வாசல் கேட் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு போட்டோ. ஐந்து போட்டோவும் பிரிட்ஜ் கதவில் இருக்கின்றன.

ஆறாவதாக வந்தவள் தில்தே. மூன்று வயதில் வந்தபோது வாயே திறக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் ஜன்னலுக்குப் பறப்பாள். இப்போது ஐந்து வயது, வாய் மூடுவதே இல்லை. இவளை எப்படியாவது தன்னோடே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரக்னில் மனுமேல் மனு போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை நகராட்சி அதிகாரி பெர்னிலா போன் செய்தாள்.

"ரக்னில், மனசைத் திடப்படுத்திக்கோங்க. மனு தள்ளுபடி ஆயிடுச்சு. தில்தேவை ஓல்போர் நகரத்துல இருக்கிற அவ சித்தப்பாகிட்டதான் அனுப்பணுமாம். வெள்ளிக்கிழமை காலையில நானே கார்ல வர்றேன்."

"அந்த ஆளு இவளைப் பார்த்ததே ரெண்டு தடவைங்க! நாய்க்குட்டியா இது, கைமாத்தி விட?"

"சட்டம் அப்படி. நான் என்ன பண்ணட்டும்?"

சட்டமாம், மண்ணாங்கட்டி! போனைப் படாரென்று வைத்தாள். தில்தேவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மனம் வரவில்லை. கேட்காமலே தடித்த நூலை எடுத்துக் குப்பை வண்டியைத் தொடங்கினாள். என்ன பின்னுகிறாய் என்று தில்தே கேட்டதற்கு, மேசை விரிப்பு என்று புளுகினாள்.

ஆனால் அந்தப் பின்னல் கீழேயிருந்துதானே வளரும்? செவ்வாய் மாலைக்குள் சக்கரங்கள் வந்துவிட்டன.

தில்தே விரலை வைத்துப் பார்த்தாள். "இது சக்கரம்."

"இல்லடா கண்ணு, பூ."

"பூவுக்குக் கீழ ரோடு எதுக்கு?"

ரக்னில் பின்னலைச் சுருட்டி வைத்தாள். சூப் ஆறிப்போகுது, சாப்பிடு என்று அதட்டினாள்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது, கணவன் தோர்கில் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மேசைக்கடியில் தில்தே உட்கார்ந்திருந்தாள். கொக்கி ஊசி ஒரு மூலையில் கிடந்தது. சக்கரமும் இல்லை, ரோடும் இல்லை. பிரித்த நூல் முழுக்க அவள் மடியில் மலையாய்க் கிடந்தது.

"அடிப்பாவி! நீயா பிரிச்ச?"

"ஆமா." தில்தே பிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். "முடிஞ்சாதானே போட்டோ எடுப்ப?"

ரக்னில் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைமுன் அழக்கூடாது என்று அத்தனை வருஷம் கட்டிக்காத்த வைராக்கியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சத்தம் கேட்டு எழுந்துவந்த தோர்கிலுக்கு எங்கே பார்ப்பதென்றே விளங்கவில்லை.

"எழுந்திரு ரக்னில். பிள்ளை பயந்துக்கப் போவுது," என்றான்.

"தில்தே, போர்வை முடியலேன்னாலும் வெள்ளிக்கிழமை கார்..." என்று ஆரம்பித்த ரக்னில் பாதியில் விட்டுவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

தில்தே நூலை நல்லபிள்ளையாய் உருட்டிக் கொடுத்தாள். அப்புறம் அவள் காதருகே வந்து சொன்னாள்:

"சின்னதா போடாத ரக்னில். பெருசா போடு. ரொம்ப ரொம்பப் பெருசா. சீக்கிரம் முடியவே கூடாது."

"சரிம்மா," என்று சொல்லி ரக்னில் முதல் கண்ணியைப் போட்டாள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.