முன்னறையில் வந்தவன்

அன்று எனக்கு ஸ்டாண்ட்பை. வீட்டில் இருந்தபடியே வேலையில் இருப்பது என்று அதற்கு அர்த்தம். யாராவது ஒரு விமானிக்கு உடம்பு முடியாமல் போனால் ரோஸ்டர் பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குள் மீனம்பாக்கத்தில் இருந்தாக வேண்டும். நெம்மேலியை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து அது நடக்காது என்றுதான் படூரில் வாடகைக்கு ஒரு ஃப்ளாட் எடுத்திருந்தேன். அம்மா ஊரிலேயே இருந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவளோடு போவதாக இருந்தது. ரோஸ்டர் மாறிவிட்டது, வரமுடியாது என்று சொன்னபோது அவள் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பழகிவிட்டது.

காலையிலேயே போன் வந்தது. ராஜமுந்திரி போய்த் திரும்ப வேண்டும்.

நான் ஓட்டுவது எழுபது பேர் உட்காரும் புரொபெல்லர் விமானம். அதில் ஒரு சரக்கு அறை விமானி அறைக்கு நேர் பின்னால் இருக்கிறது. முன்னறை என்போம்; நடுவில் ஒரு தடுப்புதான். ராஜமுந்திரியில் கிளம்புவதற்கு முன் கேப்டன் கையில் சரக்குத் தாளைக் கொடுத்தார்கள். அவர் என்னைவிட மூத்த பெண்மணி, கோயம்புத்தூர்க்காரர். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“முன்னறையில ஒரு பெட்டி வருது. இறந்தவங்க.”

“பேர் இருக்கா, மேடம்?”

“நமக்குப் பேர் வராது. எடை மட்டும்தான்.”

இருவரும் வேலையைப் பார்த்தோம். பழவேற்காட்டுக்கு வடக்கே மேகம் கட்டியிருந்தது. சுற்றிப் போக அனுமதி கேட்டோம். கிடைத்தும் முழுதாகத் தப்ப முடியவில்லை. சில நிமிடங்கள் நன்றாகவே குலுக்கியது. அப்போது நான் பயணிகளைப் பற்றித்தான் நினைத்தேன்.

இறங்கிப் போனை உயிர்ப்பித்ததும் அம்மாவின் அழைப்புகள் வரிசையாக விழுந்தன. திரும்பக் கூப்பிட்டேன்.

“எங்கடா கீற?”

“இப்பதாம்மா இறங்கினேன்.”

“எதிர் வூட்டுப் பையன் போயிட்டான்டா. காக்கிநாடாவுல. முந்தாநேத்து ராத்திரி தூங்கினவன் எழுந்துக்கவே இல்லியாம். வேலை பாத்த எடத்துலேர்ந்து இன்னிக்கிதான் சொன்னாங்க. ஏரோப்ளேன்ல கொண்டாராங்களாம். உங்க சித்தப்பா அங்கதான் வந்துகினு கீறாரு. நீ கொஞ்சம் கூட இருடா.”

எதிர் வீட்டுப் பையன் என் வயதுக்காரன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவனை, சம்பளம் கூடுதல் என்று காக்கிநாடாப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள். மனைவியும் மகளும் ஊரிலேயே இருந்தார்கள். காக்கிநாடாவுக்குப் பக்கத்து விமான நிலையம் ராஜமுந்திரி. அதற்கு மேல் அம்மாவிடம் கேட்க எதுவும் இல்லை. கேப்டனிடம் சொன்னேன். “நீ போ. மிச்சத்தை நான் முடிச்சுக்கிறேன்” என்றார்.

சரக்கு வாசலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். எனக்கோ அவனுக்கோ ரத்த உறவு இல்லை. எங்கள் தெருவில் அப்பா வயதுக்காரர்கள் எல்லோரும் எங்கள் இருவருக்கும் சித்தப்பாதான்; அவனுக்கு அப்பா இல்லாததால் இவர் கிளம்பியிருக்கிறார். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்கிறவர், வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். என் சீருடையைப் பார்த்தார்.

“நீயா ஓட்டியாந்த?”

“நானும் கேப்டனும், சித்தப்பா.”

“அவன்தான்னு தெரியுமா உனுக்கு?”

“தெரியாது. இறங்கினப்புறம்தான் அம்மா சொல்லிச்சி.”

பெட்டி வெளியே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“வழியில ரொம்ப ஆடிச்சா?”

பயணிகள் எத்தனையோ பேர் கேட்கும் கேள்விதான். அவர்களுக்குப் பதிலாக ஒரு சிரிப்பு வைத்திருப்பேன்.

“கொஞ்ச நேரம் ஆடிச்சி சித்தப்பா. ஆனா பெட்டிய வலை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாங்க. நகந்திருக்காது.”

“கட்னாங்களா,” என்றார். “செரி.”

ஆம்புலன்ஸில் அவர் பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டார். நான் டிரைவர் பக்கத்தில். படூரில் என் ஃப்ளாட்டைத் தாண்டும்போது ரோஸ்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

“சார், நாளைக்கு மார்னிங் சேலம் உங்களுக்குப் போட்டிருக்கு.”

ஊரில் ஒரு சாவு என்றேன்.

“சாரி சார். உங்க ஃபேமிலியா?”

கேட்டதில் தப்பில்லை. துக்க விடுப்பு பெற்றோர், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும்தான். எதிர் வீடு என்று ஒரு உறவு அதில் இல்லை. தடுப்பில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் சித்தப்பா பெட்டியைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஃபேமிலி இல்லைங்க. ஆனா நாளைக்கு ஓட்டுற நிலையில நான் இல்ல. அன்ஃபிட்னு போட்டுக்குங்க.”

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. “சரி சார், வேற ஆள் பாக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க” என்றார்.

மறுநாள் காலை அடக்கம். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். முன்தினம் எடை என்று தாளில் வந்தது தோளில் இறங்கியது. அவன் மனைவி மகளின் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகு தாளில் அப்படி ஒரு பெட்டி வந்தால் முன்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். சித்தப்பாவும் மாறிவிட்டார். நான் எந்த ஊருக்குப் போனேன், வந்தேன் என்று முன்பெல்லாம் கேட்டதில்லை. இப்போது நான் லீவில் வந்தது தெரிந்தால் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறார்.

“பெட்டியில யார்னா வந்தாங்களா?” என்பார்.

“இல்ல சித்தப்பா.”

போன மாதம் மட்டும், “ஒருத்தர் வந்தாரு, தூத்துக்குடியிலேர்ந்து” என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். “கூட்டிகினு போக அவுங்க வூட்லேர்ந்து யாரு வந்தாங்க?”

“தெரியல சித்தப்பா. நான் உடனே அடுத்த ஃப்ளைட்டுக்குப் போயிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். இன்னொரு டீ போடட்டுமா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.