சுரைக்காயைக் கறி என்றார்கள்

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்குத் தெருவில் போகிறவர்கள் எல்லாருமே வாத்தியார்கள். வாசலில் பலகாரம் போட்டுப் பிழைக்கிற பெண்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிம்மக்கல்லில் பதினோரு வருஷமாக வடை சுடுகிறேன். புத்தி சொல்லாத ஆளை இன்னும் பார்க்கவில்லை.

பிழிந்த துண்டு

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வந்த என் தம்பிக்கு, கிரீஸ் தேசத்தில் ஒரு வீட்டுக்காரி சுட்டுக் கொடுத்த காய்ப் பலகாரத்தின் மேலேயே நினைப்பு. காயைத் துருவி, உப்புப் பிசறி, தண்ணீரை ஒட்டப் பிழிந்து, புதினாவும் வெங்காயமும் மாவும் சேர்த்துத் தட்டிப் பொரிக்க வேண்டுமாம். முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்டாம். முட்டையை விட்டேன். பாலாடைக்கட்டிக்குப் பதில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சேர்த்தேன். காய்க்குச் சுரைக்காய்.

முதல் தடவை தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் அப்படியே மாவோடு பிசைந்துவிட்டேன். எண்ணெய் சீறி முழங்கை வரை கொப்புளம். பலகாரம் சட்டியிலேயே கரைந்தது. மறுநாள் கையில் கிடைத்த துண்டில் போட்டு முறுக்கிப் பிழிந்தேன். அது என் வீட்டுக்காரருடையது. அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுரைக்காயில இருக்கிறதே தண்ணிதான். அதையும் ஊத்திட்டு எதைத் திங்கச் சொல்ற?"

மூன்றாவது பாதியில்

எதிர் மண்டியில் மூட்டை நிறுக்கிற சுப்பையா வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார். பலகாரம் கூடி வந்து விற்பனைக்குப் போட்ட முதல் வெள்ளிக்கிழமை இரண்டைத் தின்று, மூன்றாவதைப் பாதி கடித்தபோதுதான் புதினா வாசம் மூக்கில் ஏறியது. எங்கள் தெருவில் கறி எடுக்கிற வீட்டில்தான் புதினா மணக்கும். கறிக்கோலா உருண்டை என்று நினைத்து, துப்பிவிட்டு, குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளித்தார். பொழுது சாய்வதற்குள், நான் அவருக்கு வெள்ளிக்கிழமையில் கறி கொடுத்துவிட்டேன் என்று தெருவே பேசியது.

சாமிக்குப் படைக்க என்னிடம் உளுந்து வடை வாங்குகிற வீடுகள் எல்லாம் நின்றுபோயின. வெள்ளிக்கிழமை வியாபாரம்தான் எங்கள் வீட்டுச் சோறு. புதினாவை விட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். செய்யாத தப்புக்கு நான் ஏன் விட வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரியிடம் சுரைக்காய்தான் என்று சத்தியம் செய்தேன். அவள் சொன்னாள்: "கறி இல்லைன்னா அம்புட்டு ருசி எப்படி மதினி வரும்?"

தெருவில் வைத்த சட்டி

அடுத்த வெள்ளிக்கிழமை வாசல் அடுப்பைத் தூக்கித் தெருவிலேயே வைத்தேன். சந்தையில் வாங்கிய முழுச் சுரைக்காயை, மண்டி ஆட்கள் டீ குடிக்க வருகிற நேரத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் துருவினேன். சுப்பையாவைக் கூப்பிட்டு, துண்டை அவர் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னேன். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இறங்கியது. புதினாவை வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி அதிகமாகவே கிள்ளிப் போட்டேன்.

சுடச்சுட மூன்றைத் தின்றார். சுற்றி நின்றவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரிக்கா. போன வாரம் துப்பினேனே பாதி, அதை யாரு தாரது?"

படையல் வடைக்கு மறுபடியும் எல்லாரும் வருகிறார்கள். புதினாவில் ஒரு இலைகூட நான் குறைக்கவில்லை, வீட்டுக்காரருக்குத்தான் புதுத் துண்டு வாங்க வேண்டியதாயிற்று.