பிரேக் இல்லாத பக்கம்

மாஸ்டரின் வலது காலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கால் சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் தரையை அழுத்தும். பஸ்ஸில் கடைசி சீட்டில் போனாலும் டிரைவருக்கு முன்னால் அது பிரேக் போட்டுவிடும். தூக்கத்தில்கூட அழுத்துவதாகக் கேள்வி. கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் தனியாக வைத்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்து, இருபத்தாறு வருஷமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதர் வேறு எப்படி இருப்பார்? அவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். முகத்துக்கு நேரே வெறும் மாஸ்டர்தான். முதல் பாதியைத் தெருமுனை தாண்டியதும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஐம்பத்து நாலு வயதில் இந்த மனிதருக்கு ஓர் ஆசை வந்தது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு டீலரிடம், போனில் மட்டும் பார்த்து, ஒரு பெரிய கார் வாங்கினார். பழைய கார்தான். ஆனால் கம்பெனியே இருநூறு இடத்தில் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த பழைய கார். தோல் சீட்டு, ஓசையே இல்லாத எஞ்சின், கதவைச் சாத்தினால் மெத்தையில் தலையணை விழுந்த மாதிரி ஒரு சத்தம். கேட்டவர்களிடம், தலையில் பலகை கட்டிய டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஊர்ந்து ஊர்ந்து எல்லோரிடமும் ஹாரன் வாங்கிச் சலித்துவிட்டது, கடைசிக் காலத்திலாவது மரியாதையாக ரோட்டில் போக வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். பாதி உண்மை.

மீதிப் பாதி அவர் மனைவி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசி போன இடம் தெரியாமல் எடுப்பாள், அவ்வளவு பொறுமை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், எனக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று ஆசையாகக் கேட்டாள். மாஸ்டரும் கூட்டிப்போனார். வீட்டிலிருந்து முதல் சிக்னல் வரைக்கும் பதினோரு தடவை பிரேக் போட்டார். பதினோராவது தடவைக்குப் பிறகு அவள் கதவைத் திறந்து, நடு ரோட்டில் இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அழுதிருந்தாலும் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை, அதுதான் வம்பாகப் போயிற்று. அன்றிலிருந்து மாஸ்டர் இருக்கிற எந்தக் காரிலும் அவள் ஏறியதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் அவர் காரில் போவார், அவள் பஸ்ஸில் வருவாள். வாசலில் இருவரும் சந்தித்துச் சேர்ந்து உள்ளே நுழைவார்கள். மற்ற விஷயத்தில் எல்லாம் நல்ல குடும்பம்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது.

பெரிய கார் வாங்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்து, “நல்லா இருக்கும், வாங்குங்க. நான் பஸ்லயே போயிக்கறேன்,” என்றாள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் டீலரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வண்டி வந்து ஏழு நாளைக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏழு நாளைக்குள் அவள் அந்தக் காரில் ஏறினால் வைத்துக்கொள்வது. இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவது. அவள் உட்காராத கார் தனக்கு எதற்கு?

சரி, வாங்கிய கதையைக் கேளுங்கள். டீலரின் சேல்ஸ்மேன் வீடியோவில் வந்து, எங்கே சார் காட்டணும் என்று கேட்டான். விவரமான ஆளாக இருந்தால் டிக்கியைத் திற, அடியில் துரு இருக்கிறதா காட்டு, சீட்டைத் தடவு என்று கேட்டிருப்பார். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? போனைப் பக்கத்து சீட்டில் நிறுத்தி வை, நீ ஓட்டு, நான் பார்க்கிறேன் என்றார். வேறெந்த இடத்திலிருந்தும் ஒரு காரைப் பார்க்க அவருக்குத் தெரியாது. நாற்பது நிமிஷம் அவன் ஓட்டினான். நாற்பது நிமிஷமும் இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், காரை அல்ல, அவன் ஓட்டுவதை. முடிந்ததும் திருப்தியாகப் பணத்தை அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி, உள்ளே சீட்டு என்ன நிறம் என்று சும்மா கேட்டாள். மாஸ்டருக்குத் தெரியவில்லை. டேஷ்போர்டு எப்படி? தெரியவில்லை. ஏசி? அதுவும் தெரியவில்லை. அந்தப் பையன் வளைவில் கையை எங்கே வைத்தான் என்று கேட்டிருந்தால் அங்குலம் பிசகாமல் சொல்லியிருப்பார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை பணத்தைக் கொட்டி, பார்க்காத காரை வாங்கியிருக்கிறோம்!

வண்டி லாரியில் ஏறி மூன்று நாள் வந்தது. லாரி எங்கே வருகிறது என்று போனில் ஒரு நீலப் புள்ளி காட்டியது. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடம் நடக்கும்போதே புள்ளியைப் பார்ப்பார். புள்ளி நின்றால் இவர் கால் தன் பாட்டுக்குப் பிரேக்கை அழுத்தும். ஆளே இல்லாத ரோட்டில், பழக வந்த ஒரு பல் டாக்டரம்மாவுக்கு ஆறு தடவை பிரேக் போட்டார். அந்த அம்மா பாவம், நான் என்ன தப்பு செய்தேன் சார் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

வந்து இறங்கிய கார் சும்மா சொல்லக்கூடாது, அருமையான கார். சீட்டு தேன் நிறம். மனைவி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். இரண்டாம் நாள் மாஸ்டர் காரை எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நிற்க, இவரும் நிற்க, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். மரியாதையாகப் போக வாங்கிய கார்! மூன்றாம் நாள் நல்ல மழை. ஸ்டாப்புக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டார். அவள், உள்ளே தண்ணீர் அடிக்கிறது பாருங்கள் என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அவர் கேட்கவே இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஆறாம் நாள் சாயங்காலம், திருப்பி அனுப்புகிற படிவத்தைப் போனில் திறந்தார். முன்பே ஏதாவது கீறல் இருந்ததா என்று ஒரு கேள்வி இருந்தது. அதைப் பார்க்க, டீலர் பதிவு செய்து அனுப்பியிருந்த அந்த நாற்பது நிமிஷ வீடியோவை ஓடவிட்டார்.

காரைப் பார்க்கத்தான் போட்டார். கேட்டது ஒரு குரல். பிரேக், பிரேக்கு. கண்ணாடியப் பாரு. என்ன அவசரம் உனக்கு? கைய மாத்து. சொன்னா கேக்க மாட்டியா? பிரேக்கு. மூச்சு விடாமல் ஒரு மனிதன் அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தான். பிரேக் என்ற சொல்லை மாஸ்டர் எண்ண ஆரம்பித்து, முப்பத்தெட்டில் விட்டுவிட்டார். பாதி வழியில் அந்தப் பையன், “சார், நான் எட்டு வருஷமா ஓட்டறேன்,” என்று மெதுவாகச் சொன்னான். எட்டு வருஷமா தப்பா ஓட்டறே என்றது அந்தக் குரல், மாஸ்டரின் குரல். பையன் வண்டியை ஓரமாக நிறுத்தி, பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான். அன்றைக்கு மாஸ்டர் இதையெல்லாம் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இப்போது பார்த்தபோது வெட்கமாக இருந்தது, இந்த வயதில் இப்படி ஒரு வெட்கமா என்று இருந்தது.

சமையலறைக்குப் போனார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு சிக்னல்ல இறங்கறதுக்கு முன்னாடி நீ ஏதாவது சொன்னியா?”

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. குழாயை மூடினாள்.

“கொஞ்ச நேரம் சும்மா இருங்கன்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன்.”

அவருக்கு ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை. நாளைக்கு உனக்கு லீவுதானே, கிரவுண்டுக்கு வருகிறாயா, நீ ஓட்டு என்றார். ஸ்கூல் ஆட்களுக்குப் பழக்க அவர் வாடகைக்கு எடுத்திருந்த மதில் போட்ட மைதானம் அது. அவள் துணியில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அந்த வண்டில உங்க பக்கம் பிரேக் இருக்கா?”

“இல்லை.”

“அப்ப சரி,” என்றாள்.

ஏழாம் நாள் காலை மைதானத்தில் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு சம்மணம் போட்டு உட்காருங்கள் என்றாள். தேன் நிறத் தோல் சீட்டில், பெல்ட்டுக்குள், மாஸ்டர் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி உட்கார்ந்ததில்லை. கால் வேறு எங்கும் போக வழியில்லாமல் தொடைக்கு அடியில் கிடந்து துள்ளியது.

கிளட்ச் இல்லாத வண்டி, அவளுக்குச் சுலபமாக வந்தது. எதை அழுத்த வேண்டும், எதைத் திருப்ப வேண்டும் என்று அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். முதல் சுற்று நத்தை மாதிரி. இரண்டாவது கொஞ்சம் தைரியம். மூன்றாவதில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாஸ்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டார். நாலாவது சுற்றில், ரிவர்ஸ் பழக நட்டிருந்த சிமெண்டுக் கம்பத்தை அவள் அளவு தப்பி ஒட்டித் திரும்பினாள். கம்பம் வருவது அவருக்குப் பத்தடி முன்னாலேயே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கதவிலிருந்து பின் பம்பர் வரைக்கும் நீளமாக ஒரு சத்தம் கேட்டது. அவளே பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள்.

“திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க,” என்றாள், ஸ்டியரிங்கை விடாமல், அவர் பக்கம் திரும்பாமல்.

வாய் நிறைய வார்த்தை இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினார். அந்த நேரம் பார்த்து சட்டைப் பையில் போன் அடித்தது. சேல்ஸ்மேன். இன்றோடு ஏழு நாள் முடிகிறது, வண்டியை வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா என்று பயந்து பயந்து கேட்டான். மாஸ்டர், இப்போதுதான் கீறினோம் என்றார். அப்படியானால் திருப்பி எடுக்க முடியாதே சார் என்று அவன் இழுத்தான். வேண்டாம், இருக்கட்டும் என்றார். யார் ஓட்டினது சார் என்று கேட்டான்.

“என் மனைவி. நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்.”

சும்மாவா என்று அவன் கேட்டது காருக்குள் முழுக்கக் கேட்டது.

“தம்பி, அன்னிக்கு நீ நல்லாத்தான் ஓட்டினே,” என்று சொல்லி மாஸ்டர் போனை வைத்தார்.

அவள் ரிவர்ஸ் எப்படி என்று கேட்டாள், சொன்னார். கம்பத்தை விட்டு வண்டியை மெதுவாக, நேராக எடுத்தாள். எடுத்து நிறுத்திவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு காலைல எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து உங்களுக்குச் சொல்லித் தரேன்.”

தலையை ஆட்டினார். அவள் மறுபடி ஒரு சுற்றுப் போகக் கிளம்பினாள். மாஸ்டருக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அவள் இறக்கச் சொல்கிற வரைக்கும் அவர் கீழே இறக்கவில்லை.