கோரை இல்லாத குளம்

மல்லப்பனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் மைசூரில் கிடையாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மண்கூடை சுமந்து, நாற்பது ஆள் வைத்துக் குளம் சுத்தம் செய்யும் மேஸ்திரியாக உயர்ந்தவன். ஒரு பெரிய மனிதரின் தோட்டத்துக் குளம் இருபது வருடம் என் பொறுப்பு.

அந்தத் தோட்டத்தில் பறவைகளைப் பார்த்துக்கொண்டவன் மல்லப்பன். ராமாபுரத்தான். புல் வெட்ட வந்தவனிடம் ஒரு ஜோடி சாரசக் கொக்கை ஒப்படைத்தார்கள். ஆள் உயரம், சாம்பல் உடம்பு, சிவந்த தலை. ஒன்று கூவினால் மற்றதும் சேர்ந்து கூவும். ஊறவைத்த ராகியை அவன் கையிலிருந்தே தின்னும். ஆறு வருடம் முட்டையே இல்லை. ஏழாம் வருடம் ஆவணிக் கடைசியில், குளத்துக்குள் கோரையைக் குவித்துக் கூடு கட்டி இரண்டு முட்டை இட்டன. குஞ்சைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று தங்கை கல்யாணத்துக்குக்கூட அவன் ஊருக்குப் போகவில்லை.

மகாராஜாவின் தசரா ஊர்வலம் பார்க்க வரும் விருந்தாளிகள் அந்தக் குளத்தில் படகு விடுவார்கள். அதற்காகக் கோரையை அறுத்து, கரைவரை நீர் நிரப்புவது வழக்கம்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒரு மூலையாவது உடுங்க. தண்ணி ஏறுனா கோரையப் புடுங்கிப் போட்டுத்தான் கூட்ட ஒசத்துமுங்க. இன்னும் நாலே நாளு, குஞ்சு வந்துருமுங்க."

"கொக்கு என்ன உனக்குச் சம்பந்தியா, சீரு வெக்க? நான் அறுத்த கொளத்துல ஒரு தாளு நின்னா எம்பேரு என்னாகும் மல்லப்பா?"

ஆட்கள் சிரித்தார்கள். இரண்டே நாளில் முடித்தேன். வேறு எவனாலும் முடியாது. கூட்டை மட்டும் தொடவில்லை. பிறகு மதகைத் திறந்தார்கள்.

ஆண் கொக்கு குளம் முழுக்க நடந்து வெறும் தண்ணீரைக் கொத்தியது. மல்லப்பன் இடுப்பளவு நீரில் நின்று ராகித் தாளை அள்ளிப் போட்டான். அது மிதந்து போனது. சாயங்காலத்துக்குள் முட்டைகள் நீருக்கடியில். பெண் கொக்கு அவற்றின்மேலேயே உட்கார்ந்திருந்தது. அவன் கரையேறினான்.

"ராகி ஊறப் போடோணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தசராவுக்குப் படகுகள் ஓடின. குளம் கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த வருடம் ஒரு மூலைக் கோரையை நானாகவே விட்டேன். மல்லப்பன் கேட்கவில்லை. கொக்குகள் அந்தப் பக்கம் போகவே இல்லை. பதினோரு வருடம் விட்டேன். போன மாசம் மல்லப்பன் செத்தான். இனி அந்த மூலையையும் அறுக்கச் சொல்கிறார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.