பாறை செய்த மறியல்

போன வாரம் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். இந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்ததிலிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கத்து ரோடுகளில் பஸ்ஸைவிட வெட்டிப்போட்ட மரங்கள்தான் அதிகம்.

கூப்பிட்டவர் என் நண்பர், கல்லூரியில் ஜியாலஜி பேராசிரியர். விஷயம் இதுதான். வெள்ளிமலை போகும் ரோட்டில் ஒரு வளைவு. அங்கே மாரி என்பவரின் டீக்கடை. நான் போனதற்கு முந்தின நாள் விடிகாலை மழையில் மேலிருந்து ஒரு பாறை வந்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. முதல் பஸ் வருகிற நேரம்... மாரி என்ன செய்தார்? லாரி பிரேக்டவுன் ஆனால் நாம் என்ன செய்வோமோ, அதையே. பச்சைக் கிளை ஒன்றை வெட்டி, வளைவுக்கு முன்னாலேயே ரோட்டில் குறுக்கே போட்டார். பஸ் நின்றது. அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

மாரி மாட்டிக்கொண்டார்.

பின்னால் வந்த போலீஸ் ஜீப் பார்த்தது — வெட்டிய கிளை, கையில் கத்தி, நிற்கும் பஸ். இந்த சீசனில் இதற்கு ஒரே அர்த்தம்தானே? மறியல்! பாறையையும் அவரே உருட்டிவிட்டார் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டீக்கடை சைஸ் பாறையை ஒற்றை ஆள் உருட்டினால் அவரை லாக்கப்புக்கா அனுப்புவது, ஒலிம்பிக்குக்கா?

மாணவர்களோடு மலையேறும்போதெல்லாம் பேராசிரியர் டீ குடிக்கும் கடை அது. மாரியின் மனைவி அவரிடம் வந்து அழுதிருக்கிறார். பேராசிரியர் துணைக்கு என்னையும் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் ஜியாலஜி மேப்பை விரித்தார். ஒவ்வொரு கலரும் ஒரு வகைப் பாறை. இந்தச் சின்னக் கோடுகள், பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டுபவை. அந்த வளைவில் எல்லா அடுக்குகளும் ரோட்டுப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. ரோட்டுக்காக அடியை வெட்டியாகிவிட்டது, முட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை. அடுக்குகளுக்கு நடுவில் மழைத்தண்ணீர் இறங்கினால் வழுக்கிக்கொண்டு வரும் என்றார். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் மேப்பின் மூலையில் அச்சான வருஷத்தைப் படித்தார். போராட்டத்துக்கு ரொம்ப முந்தியது.

"இன்னா சார்... கல்லு வரும்னு அப்பவே தெரியும்ன்றீங்க. அப்புறம் எதுக்கு அங்க ரோடு போட்டாங்க?"

அன்று ஸ்டேஷனில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி. பேராசிரியர் மேப்பை மடித்தார்.

ஒருவழியாக மாரியை விட்டார்கள். இனிமேல் ரோட்டில் கிளை வைக்கக் கூடாது என்று கடுமையான எச்சரிக்கை. பாறைக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை.

மூவரும் மத்தியான பஸ்ஸில் வளைவுக்குப் போனோம். பாறையை ஓரமாகத் தள்ளி ஒற்றை வழி விட்டிருந்தார்கள். பேராசிரியர் மேலே பார்த்தார், முகம் மாறிவிட்டது. இன்னும் இரண்டு பாறைகள் விரிசல் விட்டு நின்றுகொண்டிருந்தன. கடையை இன்றைக்கே காலி பண்ணச் சொன்னார். மாரி தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். வேறெங்கே போவார்? எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த கல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கிளை வைக்க மாட்டேங்க. ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்துகிறேனே. ஓரமா நின்னுக்கினு கைய ஆட்டுவேன். நிக்கிறதும் நிக்காததும் டிரைவர் இஷ்டம்."

எனக்குக் கீழே இறங்க, மேலே போய் இதே வளைவு வழியாகத் திரும்பி வரும் அந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது.