ஆகத்தாவின் ஏப்ரன் பையில் எந்தக் கத்தி

மைன்ராட் ஷெல்பெர்ட்டின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு மடக்குக் கத்தி. அவர் கை படாத கத்தி.

ஷ்விட்ஸ் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் அடுப்பு எரிவதே சிவப்புக் கத்தித் தொழிற்சாலையால்தான். அங்கே தகடு, ஸ்பிரிங், அலகு, மறுபடி தகடு என்று அடுக்கி ஆணி இறுக்கும் மேசையில் மைன்ராட் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். ரயிலில் பின் இருக்கைக்காரர் ஆப்பிள் வெட்டக் கத்தியைத் திறக்கும் சத்தம் கேட்டால், திரும்பிப் பார்க்காமலே "நம்ம வீட்டுப் பிள்ளை" என்பார். நிச்சயதார்த்தத்துக்கு மோதிரத்தோடு அவர் ஆகத்தாவுக்குக் கொடுத்ததும் ஒரு சிவப்புக் கத்திதான். அது அவள் ஏப்ரன் பையைவிட்டுப் போனதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பாலாடைக்கட்டி வெட்டும் நேரம் வந்தால் அதை எடுத்து மேசைக்குக் குறுக்கே நீட்டுவாள்.

"இந்தா, நீயே திற."

அவர் திறந்து கொடுப்பார். செய்தவனுக்கு அவள் செய்கிற மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். வேலையிடத்தில் காபி நேரத்தில் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

இந்த வசந்தத்தில் அவர்கள் வீட்டு மாடிக்கு லூசியன் ரோஷா குடிவந்தான். ஜூரா மலைப் பக்கத்து ஆள், பிரெஞ்சு பேசுகிறவன், முன்பு கடிகாரக் கூடுகளுக்குக் கருவி செய்தவன். கார் நிறுத்தும் அறையில் ஒரு பட்டறை மேசையைப் போட்டுக்கொண்டு சொந்தமாக ஒரு மடக்குக் கத்தி வடிவமைத்துக்கொண்டிருந்தான். கத்திக்கு ஊருக்கே பேர் இருக்கிற இடத்தில் வந்து கத்தி செய்கிற துணிச்சலை மைன்ராட் முதலில் சிரித்துக்கொண்டே பார்த்தார். ஆகத்தா மூன்றாவது வாரமே கை குலுக்கி அவனை, நெருங்கியவர்களைக் கூப்பிடுவதுபோல, 'நீ' என்று கூப்பிடத் தொடங்கியபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒருநாள் ராத்திரி அவள் மேசைக்குக் குறுக்கே எதையும் நீட்டாமல், ஏப்ரனிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கத்தியை எடுத்து ஒற்றைக் கையால் சடக்கென்று திறந்து பாலாடைக்கட்டியை வெட்டியபோது அந்தச் சிரிப்பு சுத்தமாக நின்றுபோனது.

"அது என்ன?"

"லூசியன் குடுத்தான். கொஞ்ச நாள் வச்சுப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லச் சொன்னான்."

"எப்படி இருக்கு?"

"கத்தி மாதிரி இருக்கு. சாப்பிடு."

மறுநாள் அவள் பேரிக்காய் ரொட்டி சுட, மாவுக்கென்று வைத்திருந்த வேறு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பிசைந்துகொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய ஏப்ரனிலிருந்து மைன்ராட் அந்தக் கத்தியை எடுத்தார். சன்னலோரம் தன் சிவப்புக் கத்தியை அதன் பக்கத்தில் வைத்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் குறை தேடுகிற மாமியார் போலத் தேடினார்.

சிவப்பில் என்ன இல்லை? பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறக்க ஒன்று, மூடி நெம்ப ஒன்று, தக்கை திருகி, துளையூசி, முள் எடுக்கச் சாமணம், பல்குச்சி. சாம்பல் கத்தியில் ஓர் அலகு, ஒரு கத்தரி, ஒரு திருப்புளி. அவ்வளவுதான். தக்கை திருகி கிடையாது. 'ஒயின் குடிக்காத பிரெஞ்சுக்காரனா?' என்று முனகினார். ஆனால் அலகின் முதுகில் சின்ன நாக்கு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஆட்காட்டி விரலால் அதை இழுத்தால் அலகு தானே வெளியே வந்து பூட்டிக்கொண்டது. கத்தரியை எடுக்க அலகைத் தொடவே வேண்டாம். அலகுக்கும் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று தூக்கிப் பார்த்தார். தெரியவில்லை. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. நன்றாகத்தான் செய்திருந்தான், பாவி.

மறுபடி இழுத்தார். மறுபடி மடக்கினார். எத்தனை தடவை என்று அவருக்கே தெரியவில்லை. சடக் சடக்கென்ற சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஆகத்தா கேட்டாள்:

"பிடிச்சிருக்கா?"

"ஈ அடிச்சேன்" என்று சொல்லி ஏப்ரனுக்குள் போட்டார்.

அந்த வாரம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவன் கத்தியில் மூன்று வேலை என்றால் தன் கத்தியில் முப்பது இருக்கட்டும். தொழிற்சாலைக் கடையில் இருந்ததிலேயே தடித்த சிவப்புக் கத்தியை வாங்கினார். ரம்பம், அரம், உருப்பெருக்கிக் கண்ணாடி, மீன் செதில் சுரண்டி எல்லாம் அதில் இருந்தன. பையில் போட்டால் கால்சட்டை ஒரு பக்கம் இறங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் கத்தி செய்கிறவன் பெண்டாட்டியைத் தன் பக்கம் இழுக்க அதைத்தான் செய்வான், இன்னும் ஓர் அடுக்கு கூட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை முவோத்தா ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டினார்கள். ஆகத்தாவின் தம்பி வெண்டலின் மாட்டுக்கொட்டகை வாசனையோடு வந்திருந்தான். ஆகத்தா கூப்பிட்டதால் லூசியனும் வந்திருந்தான். செர்வெலாத் தொத்திறைச்சியை எடுத்து வைத்ததும் மைன்ராட் தொண்டையைச் செருமிக்கொண்டு புதுக் கத்திப் பொட்டலத்தை ஆகத்தாவிடம் நீட்டினார்.

"இதால வெட்டு."

வெண்டலின் வாயைப் பிளந்தான். "மச்சான், இது கத்தியா, இரும்புக் கடையா? பின்னால சக்கரம் ஏதும் மறைச்சு வச்சிருக்கியா?"

"வெட்டச் சொல்லு அவளை."

செர்வெலாவின் இரண்டு முனையையும் நெருப்புக்கு முன் சிலுவையாகக் கீறினால்தான் அது பூவாக விரியும். அங்கே அதைக் கீறாமல் சுடுகிறவனை ஆள் என்றே மதிக்க மாட்டார்கள். எல்லோரும் ஆகத்தாவைப் பார்த்தார்கள். அவள் அந்தச் சிவப்புப் பாளத்தை இடது கையில் பிடித்து, வலது பெருவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்தாள். அலகு அசையவில்லை. உதட்டைக் கடித்தாள். நகத்தை மாற்றி வைத்தாள். பின்பு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே கட்டியிருந்த ஏப்ரனிலிருந்து சாம்பல் கத்தியை எடுத்தாள். சடக். முனை, சிலுவை. மறுமுனை, சிலுவை.

"கடவுளே," என்றான் வெண்டலின் குச்சியைச் சீவியபடி, "முப்பது வருஷம் கத்தி செஞ்சவன் பெண்டாட்டி மாடி வீட்டுக்காரன் கத்தியில வெட்டுறா. நாளைக்கு ஊர்ல யாஸ் சீட்டாட்டத்துக்கு உட்கார்ந்தா உனக்குச் சீட்டு வராது மச்சான், இந்தக் கதைதான் வரும்."

லூசியன் முகம் சிவந்துபோனான். "ஷெல்பெர்ட் ஐயா, நான் அப்படி நினைச்சு..."

"நீ எதுவும் நினைக்க வேண்டாம். செர்வெலாவைத் திருப்பு, கருகுது."

சாப்பிட்டு முடிந்ததும் மைன்ராட் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். கழுவ வேண்டியதைவிட அதிக நேரம் கழுவினார். பின்னால் ஆகத்தா வந்து கல்லில் உட்கார்ந்தாள்.

"அவன் கத்தி அவ்வளவு உசத்தியா?" என்றார் தண்ணீரைப் பார்த்தபடி.

"உசத்தியும் இல்ல தாழ்த்தியும் இல்ல. இங்க பாரு." வலது கையை நீட்டினாள். பெருவிரலின் அடிமூட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. "தொட்டா உயிர் போகுது. டாக்டர் மாவு பிசையாதேங்கிறார். பிசையாம எப்படி இருக்கிறது?"

"எப்போ இருந்து?"

"ரெண்டு பனிக்காலம் ஆகியிருக்கும். அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு, லேசா."

"அப்போ ராத்திரி ராத்திரி நீ என்கிட்ட நீட்டினது..."

"பின்னே? திறக்க முடியல, நீட்டினேன்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீ என்ன நினைச்சே?"

அவர் கழுவிய தட்டையே மறுபடி தண்ணீரில் முக்கினார். காபி நேரத்துப் பேச்செல்லாம் காதில் சுட்டது. அதைவிட அதிகமாகச் சுட்டது, தினமும் பக்கத்தில் படுக்கிறவர் கண்ணில் படாத விரல் மாடியிலிருப்பவன் கண்ணில் பட்டிருக்கிறது என்பது.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மாவு மூட்டையை நான் தூக்குறதைப் பார்த்துக் கேட்டான். சொன்னேன். நகம் வைக்காம திறக்கிற கத்தியை எடுத்துட்டு வந்தான். நீ கேட்கலையே."

தட்டுகளோடு மேலே ஏறினார்கள். லூசியன் நெருப்பின் மேல் மண் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உன் கத்தி நல்லா இருக்கு," என்று ஆகத்தா அதை அவனிடம் நீட்டினாள். "மடக்குறது மட்டும் இன்னும் லேசா இருக்கலாம். இந்தா."

"திருப்பித் தர வேண்டாம் ஆகத்தா. வச்சுக்க. உனக்குத்தான்."

வெண்டலின் விரலை ஆட்டினான். "சும்மா வாங்காதே அக்கா! கத்தியைத் தானமா வாங்கினா உறவு அறுந்துபோகும். ஒரு காசாவது குடு."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்," என்று லூசியன் சிரித்தான். "அஞ்சு ராப்பன் சில்லறைக் காசு போதும்."

ஆகத்தா சுருக்குப்பையை எடுத்தாள். மைன்ராட் தட்டுகளை அப்படியே புல்லில் போட்டார். ஒரு தட்டு உருண்டுபோய் முள்ளுச் செடியில் நின்றது. கால்சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கிடைத்ததை எடுத்தார். பெரிய ஐந்து ஃபிராங்க் காசு, லூசியன் கேட்டதைப்போல் நூறு மடங்கு. அதை லூசியனின் உள்ளங்கையில் அழுத்தினார்.

"ஐயா, இது ரொம்ப அதிகம். மீதி என்கிட்ட இல்லையே."

"மீதி வேண்டாம்."

"அஞ்சு ராப்பன் என்கிட்டயே இருந்துச்சே," என்றாள் ஆகத்தா.

"உன்னை யாரு கேட்டா?" அவர் சாம்பல் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கி, மடங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து, தானே அவள் ஏப்ரன் பையில் போட்டார். "யாராவது கேட்டா, இது மைன்ராட் வாங்கிக் குடுத்த கத்தின்னு சொல்லு."

"செஞ்சது யாருன்னு கேட்டா?"

"அதை எதுக்குக் கேட்கப்போறாங்க!" என்று சொல்லிவிட்டு அவர் முள்ளுச் செடியிலிருந்து தட்டை எடுக்கப் போனார்.